கட்டி ஈரல்

கொருக்குப்பேட்டையில் ஒருவன் அங்கம்மாவிடம் அடி வாங்கவில்லை என்றால் அவன் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்ருதீன் பாயாக இருக்க வேண்டும். பாயை அவள் அடிக்காததற்குக் காரணம் மரியாதை. மற்றவர்களை அடித்ததற்குக் காரணம் தொழில்.

தொழில் என்றால் குடல் கழுவுவது. கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டி பாயின் தொட்டி இருக்கிறது. ஆடு அறுக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் தொட்டி என்றுதான் பேர். கறி முழுக்க விடியும்போதே கடைக்காரர்களின் வண்டியேறிப் போய்விடும். மிஞ்சுகிற தலையும் காலும் குடலும் ஈரலும் கூடை கூடையாக வாசல் சிமெண்டுத் தரையில் வந்து விழும். அதற்கு வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது. கூடையின் விளிம்பில் எவர் கை முதலில் விழுகிறதோ அவருக்கு அந்தக் கூடை. விழுந்த கையைப் பெயர்த்தெடுக்க இடிக்கலாம், உதைக்கலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம். கத்தியைத் தொடுவது மட்டும் கூடாது. பாயின் அப்பா காலத்து ஏற்பாடு இது. அந்த மனிதருக்கு இதைப் பார்ப்பதில் ஏதோ ருசி இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி ஒரு கேடுகெட்ட வழக்கம் இத்தனை காலம் நிலைத்திருக்காது.

மணலிப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பின புருஷன் திரும்பி வராமல் போன வருஷத்தில் அங்கம்மா இங்கே வந்து சேர்ந்தாள். அவனைத் தேட அவளும் மெனக்கெடவில்லை. முதல் நாள் கூடையில் கை வைத்ததும் எவனோ அவள் பிடரியைப் பிடித்து முகத்தைச் சிமெண்டில் தேய்த்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கூடை போயிற்று. மறுநாள் அந்தப் புருவத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வந்தாள். அதே ஆளின் கட்டைவிரலைப் பல்லால் கவ்வி, எலும்பு தட்டுப்படும்வரை விடவில்லை. அன்றைக்கு அவளுக்கு இரண்டு கூடை கிடைத்தது.

பிறகு பல்லுக்கு வேலை வைக்கவில்லை. அவள் இடக்கைக்காரி. இடது முஷ்டியை மடக்கி எதிராளியின் விலாவுக்குக் கீழே, மேல்நோக்கி ஒரே குத்து. வாங்கினவன் மூச்சுப் பிடித்து மடங்கி உட்காருவான். அவன் எழுந்திருப்பதற்குள் கூடை அவள் உட்கார்ந்து கழுவுகிற கல்லுக்குப் போயிருக்கும். அங்கே குடலைப் புரட்டி, சுண்ணாம்பு தேய்த்து, வெந்நீரில் அலசி, பத்து மணிக்குள் போட்டியை, அதாவது அந்தக் குடல்கறியை, விற்றுத் தீர்த்துவிட்டுக் கையைக் கழுவுவாள்.

பக்கத்துக் கல் எத்திராஜுடையது. ஆட்டுத்தலையை வாட்டி, பிளந்து, தலைக்கறி விற்பவன். அவனுடைய முன்பல் இரண்டை அங்கம்மா எடுத்திருந்தாள். அவன் அவள் தோள்பட்டையை ஒரு முறை இறக்கிவிட்டிருந்தான். அதைப் பற்றி இருவருக்கும் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. காலையில் அடித்துக்கொள்வார்கள், மத்தியானம் ஒரே பொட்டலத்தில் வெற்றிலை போடுவார்கள். ஒரு தடவை வெளியாள் ஒருத்தன் குடித்துவிட்டு வந்து அங்கம்மாவின் முந்தானையில் கை வைத்தான். எத்திராஜ் விறகுக்கட்டையை எடுத்து அவன் முழங்கையை எதிர்ப்பக்கமாக மடக்கிவிட்டான். "அவள அட்ச்சா நாங்க அட்ச்சிக்குவோம், நீ யார்றா பேமானி?" என்று கேட்டானாம். அந்த ஆள் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

யார்டு நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றைத் தெருநாய் என்று சொன்னால் தெருநாய்க்குக் கோபம் வரும். வேகன்களுக்கு அடியில் பிறந்து, பெருச்சாளியும் செத்த பன்றியும் தின்று வளர்ந்த கூட்டம் அது. மனுஷன் கையில் சோறு வாங்கிப் பழகாதவை. தொட்டிக்காரர்களிடம் மட்டும் ஒட்டுதல். காரணம் கட்டி ஈரல். சில ஆடுகளின் ஈரலில் கோலிக்குண்டு போலவும் எலுமிச்சம்பழம் போலவும் வெள்ளையாக நீர் கோத்த கட்டிகள் இருக்கும். வாங்க வந்தவர் கண்ணில் பட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். குப்பையில் போட்டாலும் கண்ணில் படும். அதனால் கல்லில் உட்கார்ந்தவர்கள் கண்ட உடனே அதை அறுத்து மதிலுக்கு மேலே வீசிவிடுவார்கள். அந்தப் பக்கம் கடிபிடி சண்டை நடந்து, ஒரு நிமிஷத்தில் தடயமே இருக்காது. ஆயுசுக்கும் இதைத்தான் செய்தார்கள். அதில் சாமர்த்தியம் இருப்பதாகவும் நினைத்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெட்டை நாய். காது கிழிந்து, மேலெல்லாம் சொறி. அதற்கு எத்திராஜ் வைத்த பெயர் கலீஜ். மதிலில் இருந்த ஓட்டை வழியாக வந்து இரண்டு கல்லுக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். எத்திராஜ் அதன் கழுத்தைச் சொறிவான், அங்கம்மா உண்ணி பிடுங்குவாள். பிடுங்கின கையைப் புடவையில் துடைத்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். எத்திராஜின் குட்டி மகள் சிவந்தி அம்மாவோடு சாப்பாடு கொண்டுவந்தால் கலீஜின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

அங்கம்மாவுக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம் வெகுநாளாகவே இருந்தது. வாங்கின குத்துகளில் ஏதோ ஒன்று உள்ளே தங்கிவிட்டது என்று இருந்துவிட்டாள். போன ஆடி மாசம் கனம் வலியாயிற்று. குனிந்தால் குமட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நவ்ரீன் என்ற பெண் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க ஈரல்ல தண்ணி கோத்த கட்டி ஒண்ணு இருக்கும்மா. தேங்கா அளவுக்கு."

"ஆட்டுக்குக் கீற மாதிரியா?"

"அதேதான். ஆட்டு ஈரல்ல இருக்கிற கட்டிக்குள்ள பூச்சியோட குஞ்சு இருக்கும். அதை நாய் தின்னா, நாயோட குடல்ல சின்னச் சின்ன நாடாப்புழுவா வளரும். அதோட முட்டை நாயோட கழிவுல வெளிய வரும், ரோமத்துலயும் ஒட்டும், கண்ணுக்கே தெரியாது. நாயைத் தொட்ட கையோட எதையாவது வாயில போட்டா நம்ம வயித்துக்குள்ள போயிடும். அப்புறம் ஆட்டுக்கு வர்ற கட்டி நமக்கு வரும். வருஷக்கணக்கா மெதுவா வளரும்."

அங்கம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"நானே நாய்க்குப் போட்டு, நாயி திருப்பி எனக்கே குட்த்துகீது. அத்தான?"

"அப்படித்தான். மாத்திரை தரேன், மூணு மாசம் சாப்பிடணும். அப்புறம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் வயித்துல அடிபடவே கூடாது. கட்டி உடைஞ்சா அந்தத் தண்ணி உள்ள பரவி உடம்பெல்லாம் தடிச்சுடும். உதடு வீங்கி, தொண்டை அடைச்சு, நிமிஷத்துல உயிர் போயிடலாம்."

அங்கம்மா எப்படிக் கூடை பிடிக்கிறாள் என்பது இந்த டாக்டருக்குத் தெரியாது.

"இன்னொண்ணும் இருக்கு. அங்க வேலை செய்யறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வலியே இல்லாம உள்ள இருக்கலாம். அந்த ஈரலை நாய்க்குப் போடுறதையும் நிறுத்தணும்."

"சொல்றேன் டாக்டரம்மா," என்றாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

ரயில்வே கேட் தாண்டி நடக்கும்போதே அந்த நினைப்பு மாறிவிட்டது. தொட்டி வாசலில் போய் நின்று என்னவென்று சொல்வது? என் ஈரலில் கட்டி, தொட்டால் செத்துவிடுவேன் என்றா? அந்தக் கட்டைவிரல்காரன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். சிமெண்டில் பல்லைத் தொலைத்தவர்கள், மூச்சுப் பிடித்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மறுநாளே எவனுடைய முழங்கையாவது தெரியாமல் பட்ட மாதிரி அங்கே வந்து பாயும். அவளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். அதனால்தான் அவளுக்கு அத்தனை பயம். ஆபரேஷன் முடியட்டும், அதற்கப்புறம் அத்தனை பேரையும் கழுத்தைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தாள். ஆகக் கெட்ட முடிவு அது. அவள் உயிருக்கு அவள் பயந்தாள் என்பதைத் தவிர அதற்கு வேறு சமாதானம் கிடையாது.

நாய்க்கு ஈரல் போடுவதை மட்டும் நிறுத்தினாள். தன் கல்லில் வந்த கட்டி ஈரலையும், எத்திராஜும் மற்றக் கல்காரர்களும் அறுத்து ஒதுக்கினதையும் பொறுக்கி எடுத்து, வெந்நீர் அடுப்புக்குள் தள்ளினாள். நெருப்பில் அது சீறி வெடித்தது. கலீஜ் அடுப்பையே பார்த்துக்கொண்டு முனகியது. அங்கம்மா கல்லெடுத்து வீசினாள். நாய் ஓடவில்லை. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. இரண்டாவது கல் அதன் கண்ணோரம் பட்டு ரத்தம் வந்த பிறகுதான் ஓட்டை வழியாகப் போயிற்று.

எத்திராஜ் கத்தியைக் கீழே வைத்தான். "இன்னாமே ஆச்சு ஒனக்கு? வாயில்லாத ஜென்மம், அதும் சோத்துல கைய வெக்கிற."

"போடாத. அவ்ளோதான்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "என் இஷ்டம்டா, மூடிக்கினு வேலயப் பாரு," என்றாள். எத்திராஜ் அன்று முதல் அவள் கண்ணில் படாமல் கட்டி ஈரலைக் காகிதத்தில் சுற்றி லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டு போய், யார்டுக்குள் நின்று கையாலேயே ஊட்ட ஆரம்பித்தான்.

கூடை விஷயம்தான் ஊரே பார்க்கும்படி ஆகிவிட்டது. கூடைகள் விழுந்ததும் அங்கம்மா சுவரோரம் ஒதுங்கி, இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு நின்றாள். அடிதடி ஓய்ந்து, யாரும் தொடாமல் கிடக்கிற கிழிந்த குடலையும் சாணிக் கூடையையும் எடுத்துக்கொண்டு போனாள். சில நாள் அதுவும் இல்லை. முதலில் பயந்துபோய்ப் பார்த்தார்கள், ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள் என்று. திட்டமில்லை என்று தெரிந்ததும் ஒருவன் போகிறபோக்கில் அவள் கன்னத்தில் தட்டினான். மறுநாள் ஒருவன் காலில் மிதித்தான். கட்டைவிரல்காரன் அவள் அன்னக்கூடையை எட்டி உதைத்து, கழுவின குடல் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தான். அங்கம்மா முஷ்டி மடக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தாள். குனிந்து சாக்கடையிலிருந்து குடலை வாரி எடுத்தாள். அவமானத்தில் கண் எரிந்தது. அழுகையை அவள் முகத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, குனிந்தே இருந்ததால்.

அன்றைக்கு எத்திராஜ் தான் பிடித்த கூடையை அவள் கல்லின் பக்கம் தள்ளிவிட்டான்.

"எட்த்துக்கமே."

"பிச்ச போடுறியா?"

"சண்டைக்கு வர மாட்டேங்கிற, வேற இன்னா பண்றது? பேஜாரா கீது ஒன்னப் பாக்க."

அவள் கூடையைக் காலால் அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள். அவனுக்கு அது அடியைவிட மோசமாகப் பட்டது. மூன்று நாள் பேசவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

எத்திராஜ் ஊட்டினது ஒரு கூட்டத்துக்குப் போதவில்லை. பசி நாய்களை மாற்றியது. பட்டப்பகலில் மதில் ஓட்டை வழியாக வர ஆரம்பித்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாயும் ஆட்களும் போயிருந்த நேரம் கலீஜும் இன்னும் நான்கைந்தும் ஆட்டுப் பட்டிக்குள் புகுந்தன. கட்டிப்போட்ட குட்டியொன்றின் தொடையைக் கலீஜ் கவ்வ, இன்னொன்று கழுத்தைக் கவ்வ, குட்டி உயிரோடேயே இரண்டு பக்கமும் இழுபட்டது. அதன் சத்தத்தைக் கேட்டு வாசலில் இருந்தவர்கள் கம்பியும் கடப்பாரையுமாக ஓடினார்கள். மற்ற நாய்கள் தப்பித்துவிட்டன. கலீஜ் வாயில் இருந்ததை விடாமல் நின்றது. முதல் அடி முதுகில் விழுந்து பின்னங்கால்கள் இரண்டும் செத்துப்போயின. முன்னங்காலால் தவழ்ந்து எத்திராஜின் கல்லை நோக்கி வந்தது. வழி முழுக்க அடித்தார்கள். தலை உருவம் இழக்கும்வரை அடித்தார்கள். செத்த பிறகும் ஒருவன் அடித்துக்கொண்டே இருந்தான், அவனை இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

டீ குடிக்கப் போயிருந்த எத்திராஜ் திரும்பி வந்தான். யாரோ அவனிடம், "அங்கம்மாதான் சோத்த நிறுத்திச்சு, பசி தாங்காம பட்டிக்குள்ள பூந்துச்சு," என்றார்கள். அவன் கலீஜை இரண்டு கையாலும் அள்ளினான். ரத்தம் அவன் லுங்கியில் வழிந்தது. நேரே வந்து அங்கம்மா கழுவிவைத்திருந்த குடலின் மேல் அதைப் போட்டான்.

"பாரு. நல்லாப் பாரு."

"எத்திராஜு, எட்டப் போ."

"எட்டவா?" முதல் அறை அவள் காதில் விழுந்தது. காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைந்தது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் குந்தினாள். இரண்டாவது அடி மண்டையில், மூன்றாவது முதுகில். செல்போன்கள் மேலே எழும்பின. அங்கம்மா அடி வாங்குகிற காட்சி கொருக்குப்பேட்டைக்குப் புதுசு.

"எயுந்திரிமே. திருப்பி அடிமே." அவன் குரல் உடைந்திருந்தது. "இன்னா ஆச்சு ஒனக்கு? பொணமாட்டம் குந்திகினு கீறியே."

அவள் எழவில்லை. அவன் மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து நிறுத்தி மதிலில் சாய்த்தான். புருவத்தின் பழைய தழும்பு பிளந்து ஒரு கண் மூடிக்கொண்டது. மற்றக் கண்ணால் அவன் முழங்கால் மடங்கிப் பின்னால் போவதைப் பார்த்தாள். அது திரும்பி வரும்போது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்கவில்லை. இத்தனை மாசம் வயிற்றின் மேல் கட்டிக்கிடந்த இடது கை தானாக மடங்கியது. அவன் விலாவுக்குக் கீழே, மேல்நோக்கி, உடம்பில் இருந்த அத்தனை பயத்தையும் வைத்து ஒரே குத்து.

எத்திராஜ் மூச்சுப் பிடித்து மடங்கித் தரையில் உட்கார்ந்தான். பிறகு முன்பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.

"கீதே, கை இன்னும் கீதே. இவ்ளோ நாளு எங்கமே வெச்சிருந்த இத்த?"

கூட்டமும் சிரித்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. கையைச் சொறிந்தான். கழுத்தைச் சொறிந்தான். "இன்னாது இது, எறும்பு கட்ச்ச மாதிரி." அவன் மார்பிலும் கையிலும் சிவப்புத் தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரவுவதை அங்கம்மா பார்த்தாள். அவன் உதடு அவள் கண் முன்னாலேயே தடித்தது. அந்த டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவன் உடம்பின் மேல் நடந்துகொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டு அவன் முகத்தைப் பிடித்தாள். "எத்திராஜு, ஒனக்கு இங்க முன்னாடியே வலி கீதா?"

"கேஸுமே... எப்பவும் கீறதுதான்... சோடா குட்ச்சா..." குரல் விசில் மாதிரி வந்தது.

"வண்டி எடுங்க," என்று அங்கம்மா அலறினாள். "நாய்ப் பூச்சி. ஈரல்ல கட்டி ஒட்ச்சிகிச்சு. எனுக்கும் கீது, என் வயித்துலயும் கீது. வண்டி எடுங்கடா பாவிங்களா, செத்துடுவான்."

யாருக்கும் எதுவும் புரியவில்லை. போனைக் கீழே இறக்கக்கூட மறந்து நின்றார்கள். தொழுகை முடிந்து வந்த பாய்தான் கறி வண்டியின் கதவைத் திறந்தார். அங்கம்மா அவனைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து, தன் வயிற்றில் அவன் முதுகு இடிபடுவதைக்கூடப் பார்க்காமல், வண்டிக்குள் ஏற்றி மடியில் போட்டுக்கொண்டாள். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது, வேகனுக்குப் பின் வேகன். எத்திராஜ் காற்றுக்காக அவள் புடவையைப் பிய்த்தான், அவள் மணிக்கட்டைக் கீறினான். பாய் இறங்கிப் போய் கேட்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். கடைசி வேகன் போவதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். பிறகு நிறுத்தினார்கள். நவ்ரீன் டாக்டர் வெளியே வந்து அங்கம்மாவின் பிளந்த புருவத்தையும் கீறின கையையும் பார்த்தார்.

"உங்க தொட்டியில வேலை பாக்கிறவரா?"

அங்கம்மா தலையசைத்தாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னேனே."

டாக்டர் அதற்கு மேல் கேட்காமல் உள்ளே போய்விட்டார். வாசலில் பாய் ஒரு போலீஸ்காரருடன் பேசிக்கொண்டிருந்தார்.

எத்திராஜின் பெண்டாட்டி பச்சையம்மா சிவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அவளுக்கு அதற்குள் யாரோ வீடியோவைக் காட்டியிருந்தார்கள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு அங்கம்மாவின் மேல் பாய்ந்தாள். போலீஸ்காரர் ஓடி வந்தார், பாய் அவரைக் கையமர்த்தினார். அங்கம்மா இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். பச்சையம்மா அறைந்தாள், பிறாண்டினாள், செருப்பைக் கழற்றி அடித்தாள். பிளந்த புருவத்திலிருந்து மறுபடியும் ரத்தம் இறங்கியது.

"அடி பச்சையம்மா. மூஞ்சில எவ்ளோ வேணா அடி. வயித்துல மட்டும் அடிச்சிராத, அவனுக்கு ஒடஞ்சது எனுக்கும் கீது. அந்தக் கட்டி ஈரலத் துன்ன நாய்ங்ககிட்டேருந்து வந்துகீது. எல்லாரும் ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டரம்மா ஆடி மாசமே சொல்லிச்சு. நான் சொல்லல."

செருப்பு ஓங்கின கை அப்படியே நின்றது.

"ஒம் பொண்ணும் அந்த நாயி மேலதான் படுத்துகினு இருக்கும்," என்றாள் அங்கம்மா. "உள்ள இட்டுகினு போ. இப்பவே போ."

பச்சையம்மா திரும்பிச் சிவந்தியைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுவிட்டுக் குனிந்து, குழந்தையின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு இடம் விடாமல் தடவினாள். கையால் தெரிகிற விஷயமில்லை அது, ஆனாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆடி மாசமே தெரியும்," என்றாள், நிமிராமல். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் ஒன்னைய தொட்டே இருக்க மாட்டான். இன்னாத்துக்குடி சொல்லல?"

"பயந்துட்டேன்," என்றாள் அங்கம்மா.

பச்சையம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் எடுக்கிற பக்கம் நடந்தாள்.